முதலில் சீட், பிறகு பெல்ட்: வாசகர் கேள்வி பதில்

போன மாதம்தான் லைசென்ஸ் வாங்கினேன். ஐந்தடிக்குக் கொஞ்சம் குறைவான உயரம். ரோடு தெரிய வேண்டுமென்று தலையணை போட்டு, சீட்டை முன்னால் இழுத்து ஓட்டுகிறேன். பெல்ட் கழுத்தை அறுக்கிறது. கைக்கு அடியில் விட்டுக்கொண்டால் தப்புங்களா?
– வாசகி, பெருந்துறை

தப்புதானுங்க. அக்குளுக்குக் கீழே போகும் பெல்ட், வண்டி மோதினால் விலா எலும்பை ஒடிக்கும். அதற்குள்தான் ஈரலும் மண்ணீரலும் இருக்கின்றன. உடம்பில் பெல்ட்டின் இழுப்பைத் தாங்கக்கூடிய இடங்கள் இடுப்பெலும்பும், கழுத்தடியிலிருந்து தோளுக்குப் போகும் காறையெலும்பும், நெஞ்செலும்பும்தான். கழுத்து, வயிறு இரண்டும் தாங்காது. உங்கள் சிக்கல் பெல்ட்டில் இல்லை, உட்காரும் விதத்தில் இருக்கிறது.

தலையணையை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பிரேக் அடித்தால் இலவம்பஞ்சு அமுங்கும், உறை வழுக்கும், இடுப்பு பெல்ட்டுக்கு அடியில் நழுவும். டிரைவர் சீட்டின் வெளிப்பக்கத்தில் லிவர் இருந்தால் அதை அடித்து சீட்டையே உயர்த்துங்கள். உங்கள் மாடலில் அது இல்லையென்றால், சீட்டோடு பட்டையால் இறுக்கிக் கட்டுகிற மெல்லிய, கெட்டியான குஷன் வைக்கலாம்.

அடுத்து, இடுப்பு சீட்டின் மூலையைத் தொடும்வரை பின்னால் தள்ளி உட்காருங்கள். கிளட்சை அடிவரை மிதியுங்கள். அப்போதும் முழங்கால் சற்று மடங்கியே இருக்க வேண்டும். விறைத்து நின்றால் சீட் பின்னால் இருக்கிறது என்று பொருள். பிறகு சாய்மானம். முதுகு ஒட்டியபடியே கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டீயரிங்கின் மேல்வளையத்தில் விழ வேண்டும், தோள் எழும்பக் கூடாது. கடைசியாக ஸ்டீயரிங் நடுவுக்கும் உங்கள் நெஞ்செலும்புக்கும் இடையே அளந்து பாருங்கள். 25 செ.மீ., அதாவது ஒரு சாணும் இரண்டு விரலும் இருக்க வேண்டும். ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்துக்குள் விரிந்துவிடும். அதற்கு இந்த இடம் தேவை. குள்ளமானவர்களுக்குக் கால் எட்டினால் நெஞ்சு கிட்டே வந்துவிடும். அப்போது சாய்மானத்தை ஒரு பல் பின்னால் தள்ளி, ஸ்டீயரிங்கைக் கீழே இறக்கிப் பாருங்கள்.

இவ்வளவும் ஆன பிறகு பெல்ட்டைப் போடுங்கள். கதவுத் தூணில் பெல்ட் வந்து விழும் இடத்தில் பொத்தான் இருந்தால் அதை அழுத்தி வளையத்தைக் கீழே இறக்குங்கள். பெல்ட் கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவே விழும், அறுக்காது. ஹெட்ரெஸ்டின் மேல்விளிம்பு உச்சந்தலை உயரத்தில், பின்மண்டையை ஒட்டினாற்போல் இருக்கட்டும். கொண்டை போட்டு ஓட்டாதீர்கள். அது தலையை முன்னே தள்ளி ஹெட்ரெஸ்டை வீணாக்கும். பின்னல் போட்டால் தொந்தரவில்லை.

பேரனோடு ஏழு பேர் ஒரே காரில் பழனிக்குக் கல்யாணத்துக்குப் போகிறோம். பேரனுக்கு ஒன்றரை வயது, அம்முச்சி மடியிலேயே வருவான். பட்டுப்புடவை கசங்கும் என்று முன் சீட்டில் மருமகள் பெல்ட் போட மாட்டேன் என்கிறாள். பின்னால் இருப்பவர்களுக்கும் பெல்ட் வேண்டுமா?
– வாசகர், கோபிச்செட்டிபாளையம்

ஐந்து பெல்ட் உள்ள காரில் ஐந்து பேர்தான் போகலாம். மீதிப்பேருக்கு இன்னொரு வண்டியோ பஸ்ஸோ பாருங்கள். இதில் சமாதானம் சொல்ல எங்களால் முடியவில்லை.

மடிக் குழந்தையைப் பற்றி ஒரு கணக்கு. 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கில் நின்றால், 10 கிலோ குழந்தை அம்முச்சியின் கையை ஏறத்தாழ 140 கிலோ விசையோடு இழுத்துக்கொண்டு பறக்கும். இரண்டு நெல் மூட்டையை எந்தக் கையும் தடுத்துப் பிடிக்காது. அம்முச்சி போட்ட பெல்ட்டுக்குள் குழந்தையையும் சேர்த்துக் கட்டுவது இன்னும் மோசம்: அவரது எடை முழுவதும் குழந்தையைப் பெல்ட்டோடு வைத்து நசுக்கும். பேரனுக்குப் பின் சீட்டில் குழந்தை இருக்கை வேண்டும். இந்த வயதில் முகம் பின்பக்கம் பார்த்தபடி வைப்பதே நல்லது. 15 மாதம் வரை கட்டாயம் அப்படித்தான், எடையும் உயரமும் இடம் கொடுக்கும்வரை அதற்குப் பிறகும். அப்படிப்பட்ட இருக்கையை ஏர்பேக் உள்ள முன் சீட்டில் வைக்கவே கூடாது. தோள் பட்டையை இறுக்கியபின் விரலால் கிள்ளிப் பாருங்கள். துணி மடிந்து விரலுக்குள் வந்தால் இன்னும் தளர்வாக இருக்கிறது.

பின் சீட்காரர்களுக்கும் பெல்ட் சட்டப்படி கட்டாயம். 50 கி.மீ. வேக மோதல் என்பது மூன்று மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். பின்னால் பெல்ட் இல்லாதவர் அந்த வேகத்தோடு முன் சீட்டின் முதுகில் மோதுவார். முன்னால் இருப்பவர் பெல்ட் போட்டிருந்தும் நடுவில் சிக்குவார். கிளம்புவதற்கு முந்தின நாளே பின் சீட்டைப் பாருங்கள். சீட் கவர் போட்ட கடையில் பக்கிளை உள்ளே திணித்து மூடியிருப்பார்கள், நம் ஊர்க் கார்களில் பல அப்படித்தான்.

இனி பட்டுப்புடவை. நம் நாட்டு வண்டியில் முன் சீட்டில் உட்காருபவருக்குப் பெல்ட் இடது தோளில் விழும். முந்தானை மடிப்பும் ஊக்கும் அங்கேதான் இருக்கின்றன. ஊக்கைக் கழற்றி, மடிப்பைத் தோளின் வெளிப்பக்கம் தள்ளிவிட்டுப் பெல்ட்டை மாட்டச் சொல்லுங்கள். முந்தானையைப் பெல்ட்டுக்கு மேலே விரித்துக்கொண்டால் கசங்கலும் குறையும். கொசுவம் வயிற்றில் மேடாக நிற்பதால் பெல்ட் தானாக மேலே ஏறும். கையால் கீழே அமுக்கித் தொடைச் சந்தில் படியவைத்து, தோள்பக்கம் ஒருமுறை மேலே இழுத்துத் தளர்வை எடுக்க வேண்டும். ஒட்டியாணத்தை மண்டபத்தில் போய்ப் போட்டுக்கொள்ளலாம்.

ஆழியாரிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. தலை சுற்றாமல் இருக்க முன் சீட்டை முழுக்கச் சாய்த்துப் படுத்துக்கொள்கிறேன். பெல்ட் போட்டுத்தான் இருக்கிறேன், போதாதா?
– வாசகர், பொள்ளாச்சி

போதாது. சாய்ந்து படுத்தால் தோள் பெல்ட் உடம்பைத் தொடாமல் காற்றில் தொங்கும். மோதலில் உடம்பு முன்னால் சறுக்கும், இடுப்புப் பட்டை எலும்பை விட்டு வயிற்றில் ஏறிக் குடலை அறுக்கும், மேல்பட்டை கழுத்துக்கு வரும். டாஷ்போர்டில் கால் தூக்கி வைப்பதும் இதே ரகம். ஏர்பேக் வெடித்தால் முழங்கால் முகத்தில்தான் மோதும். தலை சுற்றுகிறவர்கள் நிமிர்ந்து உட்கார்ந்து, தலையை ஹெட்ரெஸ்டில் வைத்து, தூரத்தில் வளைவு திரும்பும் இடத்தைப் பார்த்துக்கொண்டு வந்தாலே பாதி குறையும்.

பெல்ட் போடாவிட்டால் பீப் பீப் என்று கத்துவதை நிறுத்த ஒரு கிளிப் விற்கிறார்கள். டவுனுக்குள்தானே ஓட்டுகிறோம்?
– வாசகர், திருப்பூர்

வாங்காதீர்கள். இதை விற்கக் கூடாதென்று 2023-ல் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையமே ஆன்லைன் தளங்களுக்கு உத்தரவு போட்டது. பெல்ட் போடாமல் போனால் அபராதம் 1,000 ரூபாய். அதைவிட, பெல்ட் இல்லாதவர் விரிந்துகொண்டிருக்கும் ஏர்பேக்கின் மேலேயே போய் விழுவார். பெல்ட் பிடித்திருந்தால்தான் அது மெத்தையாக உதவும்.

மகளுக்கு ஏழாவது மாதம். வளைகாப்பு முடிந்து கரூரிலிருந்து காரில் அழைத்து வர வேண்டும். பெல்ட் வயிற்றை அழுத்தாதா?
– வாசகி, தாராபுரம்

சரியாகப் போட்டால் அழுத்தாது. கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில், இரு தொடைகளையும் தொட்டு இடுப்பெலும்பில் கிடக்க வேண்டும். மேல்பட்டை மார்புகளுக்கு நடுவே வந்து வயிற்றின் பக்கவாட்டில் இறங்க வேண்டும். வயிற்றுக்கு மேலே குறுக்கே போகவே கூடாது. இடையில் தலையணை சொருக வேண்டாம். முன் சீட்டென்றால் நன்றாகப் பின்னால் தள்ளிக்கொள்ளட்டும். வழியில் சின்ன மோதல் நடந்து வலியே இல்லாவிட்டாலும் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். நஞ்சுக்கொடி பிரிவது வெளியே தெரியாது.

பழைய கார் வாங்கினேன். டிரைவர் பெல்ட் இழுத்தால் வருகிறது, விட்டால் மெதுவாகத்தான் உள்ளே போகிறது. எண்ணெய் விடலாமா?
– வாசகர், காங்கேயம்

கூடாது. எண்ணெயில் தூசி ஒட்டி இன்னும் கெடும். பெரும்பாலும் தூணில் பெல்ட் திரும்பும் வளையத்தில் வியர்வை அழுக்குப் படிந்திருக்கும். பெல்ட்டை முழுக்க இழுத்து, உள்ளே ஓடாதபடி ஒரு துணிக் கிளிப் போட்டு, மிதமான சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து வளையத்தையும் பட்டையையும் துடையுங்கள். பிளீச், சாயம் எதுவும் படக்கூடாது, நூல் வலுவிழக்கும். நிழலில் நன்றாகக் காய்ந்த பிறகே உள்ளே விடுங்கள்.

இழுத்து வைத்திருக்கும்போதே ஓரம் பிசிறியிருக்கிறதா, பீடி சுட்ட ஓட்டை இருக்கிறதா, ஏதாவது ஓரிடத்தில் உருகியது போல் பளபளக்கிறதா என்று பாருங்கள். ஒன்று இருந்தாலும் பெல்ட்டை மாற்றுங்கள். டெய்லரிடம் தைக்கக் கொடுக்காதீர்கள். பிறகு வெடுக்கென்று இழுத்தால் பூட்டிக்கொள்ள வேண்டும்.

சாவியைத் திருப்பும்போது மீட்டரில் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைய வேண்டும். அணையாமல் நின்றால் ஏர்பேக்கிலோ பெல்ட் இழுப்பானிலோ (மோதும் நொடியில் சிறு வெடிப்பால் பெல்ட்டை இறுக்கும் கருவி) கோளாறு. எரியவே இல்லையென்றால் விற்றவர் விளக்கைக் கழற்றிவிட்டாரோ என்று சந்தேகப்படுங்கள். பழைய விபத்தில் இழுப்பான் ஒருமுறை வெடித்திருந்தால் அது மறுபடி வேலை செய்யாது, முழு செட்டையும் மாற்ற வேண்டும். காயலான் கடைப் பெல்ட்டை மட்டும் வாங்கிப் போட்டுவிடாதீர்கள்.