வாசகர் கேள்விகள்: கோல்கொண்டா அரசர்களின் கல்லறைத் தோட்டம்

ஐதராபாத் பயணம் குறித்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குதுப்ஷாஹி கல்லறைகளைப் பற்றியே இருந்ததால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

ஐதராபாத்தில் எங்களுக்கு ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது. சார்மினாரையும் கோல்கொண்டா கோட்டையையும் பார்த்தபின் குதுப்ஷாஹி கல்லறைகளுக்கும் போக வேண்டுமா? கல்லறையில் பார்க்க என்ன இருக்கிறது என்று வீட்டில் கேட்கிறார்கள். (திருநெல்வேலி வாசகர்)

கட்டாயம் போகவேண்டும். ஒன்றைக் குறைத்தே தீரவேண்டும் என்றால் கடைத்தெருவில் செலவிடும் நேரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். கோட்டையில் இன்று மதில்களும் வாயில்களும் கூரையிழந்த அரண்மனைச் சுவர்களும்தான் எஞ்சியிருக்கின்றன. ஆனால் 1518 முதல் 1687 வரை அந்தக் கோட்டையிலிருந்து ஆண்ட எட்டு மன்னர்களில் ஏழு பேர், கோட்டைக்கு வடக்கே சிறு தொலைவில் உள்ள இந்தத் தோட்டத்தில், தத்தம் குவிமாடங்களின் கீழ் அடக்கமாகியிருக்கிறார்கள். அந்தக் கட்டடங்கள் முழுமையாகவே நிற்கின்றன. குதுப்ஷாஹி கட்டடக் கலை எப்படித் தொடங்கி எப்படி வளர்ந்தது என்பதை ஒரே நடையில் பார்த்து முடிக்கக்கூடிய இடம் இதைப்போல் வேறில்லை. சார்மினாரை எழுப்பிய முகமது குலி உறங்குவதும் இங்கேதான் என்பதால், அதைப் பார்த்துவிட்டு இதை விட்டுவிடுவது பாதிக் கதையோடு எழுந்து வருவதாகும்.

காலையில் வாயில் திறந்ததும் கல்லறைகளுக்குச் சென்று மூன்று மணி நேரமாவது ஒதுக்கிவிட்டு, வெயில் சாய்ந்தபின் கோட்டைக்குப் போவது நல்லது. கல்லறை வளாகம் தெலங்கானா மாநிலத் தொல்பொருள் துறையின் பொறுப்பில் உள்ளது; கோட்டையும் சார்மினாரும் இந்தியத் தொல்லியல் துறையிடம் உள்ளன. ஆகவே நுழைவுச்சீட்டு தனித்தனி. விடுமுறை நாளும் ஒன்றாக இருக்கவேண்டியதில்லை என்பதால் புறப்படும் முன் இரண்டையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

ஒரு முறை சென்றிருந்தேன். எல்லாக் குவிமாடங்களும் ஒன்றுபோலவே தெரிந்தன. அரை மணி நேரத்தில் சலித்துவிட்டது. எந்த வரிசையில் பார்த்தால் விளங்கும்? (சேலம் வாசகி)

உங்கள் சலிப்புக்குக் காரணம் பெரும்பாலும், எல்லோரையும் போல நேராக மிகப்பெரிய கட்டடத்தை நோக்கி நடந்ததாகத்தான் இருக்கும். உயரத்தின் வரிசையை விட்டுவிட்டு, ஆட்சியின் வரிசையில் நடந்து பாருங்கள்.

முதலில் வம்சத்தைத் தொடங்கிய சுல்தான் குலியின் கல்லறை. பாரசீகத்தின் ஹமதானிலிருந்து வந்து, அப்போது தக்காணத்தை ஆண்ட பாமினி சுல்தான்களிடம் பணியாற்றி உயர்ந்த அவர், தமக்கான கல்லறையைத் தாம் வாழும்போதே கட்டிக்கொண்டார். பின்னால் வந்தவர்களின் ஆடம்பரம் எதுவும் அதில் இல்லை. பாமினி அரசர்களின் கட்டட மரபிலிருந்து இன்னும் விலகாத, அளவான ஒரு கட்டடம். முதுமையில், 1543இல் அவர் கொலையுண்டார். அந்தக் கொலையைத் தூண்டியவராக வரலாற்று நூல்கள் குறிப்பிடுவது, அடுத்து அரியணை ஏறிய அவருடைய மகன் ஜம்ஷீதை. அந்த ஜம்ஷீதின் கல்லறையும் அருகிலேயே இருக்கிறது: எண்கோண வடிவில், இரண்டு அடுக்காக, மற்றவற்றிலிருந்து தனித்து நிற்பது. அதில் கல்வெட்டு எதுவும் இல்லை. ஜம்ஷீதுக்குப் பின் ஏழு வயதில் அரசனாக்கப்பட்டுச் சில மாதங்களில் அரியணையை இழந்த சிறுவன் சுபானின் கல்லறை, தாத்தாவுக்கும் தந்தைக்கும் நடுவில் அமைந்துள்ளது. கொலையுண்டவர், கொலையைத் தூண்டியதாகச் சொல்லப்படுபவர், இருவருக்கும் இடையில் அந்தக் குழந்தை: இந்த மூன்றையும் ஒரே இடத்தில் நின்று பார்த்தவருக்கு அதன்பின் எல்லாக் குவிமாடமும் ஒன்றுபோல் தெரியாது என்பது என் கருத்து.

அடுத்து இப்ராகிம். அண்ணன் ஜம்ஷீதுக்கு அஞ்சி விஜயநகரத்துக்கு ஓடி, அங்கே ஆட்சியை நடத்திவந்த ராமராயரின் விருந்தினராக ஏழாண்டுகள் இருந்தவர். தெலுங்குப் புலவர்களைப் போற்றி, அவர்கள் பாடல்களில் 'மல்கிபராமுடு' என்று இடம்பெற்றவர். 1565இல் அதே ராமராயருக்கு எதிராகத் தலைக்கோட்டைப் போரில் நின்ற சுல்தான்களில் அவரும் ஒருவர். அவர் கல்லறைச் சுவரில் வண்ண ஓடுகளின் எச்சங்கள் ஆங்காங்கே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இன்று சாம்பலும் வெள்ளையுமாகத் தோன்றும் இக்கட்டடங்களில் சில ஒரு காலத்தில் வண்ணத்தோடு மின்னியவை என்பதற்கு அந்தச் சில்லுகளே சான்று.

முகமது குலியின் கல்லறையை இதன் பிறகு பாருங்கள். 1612இல் மறைந்த அவருடைய கட்டடம் மேடையோடு சேர்த்து ஏறத்தாழ 42 மீட்டர் உயரம் கொண்டது. தக்காணத்தில் வழங்கிய பழைய உருதுவான தக்கினி மொழியில் பெருந்தொகுப்பாகக் கவிதைகளை விட்டுச்சென்ற அரசரின் கட்டடம் என்பதாலோ என்னவோ, நுழைவுப் பக்கங்களில் உள்ள உயர்ந்த கருங்கல் தூண்களைச் செய்யுளின் சீரோடு ஒப்பிட்டுப் பேசத் தோன்றும். ஆனால் உண்மையில் பார்க்கவேண்டியது அதன் அளவுப் பொருத்தம். கீழே அகன்ற மேடை, அதன்மேல் வளைவுகள், அதற்கும் மேல் தாமரை இதழ்களிலிருந்து எழும் குவிமாடம் என்று சுல்தான் குலியின் கட்டடத்தில் சிறிதாகத் தொடங்கியது இங்கே எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்பது, முதலில் அதைப் பார்த்தவருக்குத்தான் தெரியும்.

ஹயாத் பக்‌ஷி பேகத்தின் கல்லறையை விட்டுவிடாதீர்கள். ஐந்தாம் மன்னரின் மகள், ஆறாம் மன்னரின் மனைவி, ஏழாம் மன்னரின் தாய் என்று மூன்று ஆட்சிகளின் ஊடாக அதிகாரம் செலுத்திய அந்த அம்மையார் 1667இல் காலமானார். அரசர்களின் கட்டடங்களுக்கு அளவில் சற்றும் குறையாதது அவருடையது. பக்கத்தில் உள்ள பெரிய மசூதிதான் வளாகத்தில் உள்ளவற்றுள் மிகவும் நேர்த்தியானது. நேரம் மிஞ்சினால் ஏழாம் மன்னர் அப்துல்லா குதுப்ஷாவின் அரண்மனை மருத்துவர்களுக்கு எழுப்பப்பட்ட இரட்டைக் கல்லறைகளையும், அவருடைய அவையில் ஆடிப் பாடிய தாராமதி, பிரேமாமதி இருவரின் கல்லறைகளையும் தேடிப் பாருங்கள். மருத்துவருக்கும் நடனக் கலைஞருக்கும் அரச குடும்பத்தின் தோட்டத்திலேயே இடம் அளித்த வழக்கம் கவனிக்கத்தக்கது.

மண்டபத்தின் நடுவில் உள்ள கறுப்புக் கல்லின் கீழ்தான் அரசரின் உடல் இருக்கிறதா? (புதுச்சேரி வாசகர்)

பெரிய கல்லறைகளில் அப்படி இல்லை. உடல் அடக்கம் செய்யப்பட்டது கீழே உள்ள நிலவறையில். மேலே மண்டபத்தில் பளபளப்பாகத் தேய்த்த கறுப்புக் கல்லில் நீங்கள் பார்ப்பது, கீழே உள்ள இடத்துக்கு நேர் மேலே வைக்கப்பட்ட நினைவுக் கல் மட்டுமே. அதன்மீது செதுக்கப்பட்ட எழுத்துகளில் பெயரும் இறந்த ஆண்டும் மட்டுமல்லாமல் சமய வாசகங்களும் இருப்பதால், சாய்ந்துகொள்வதோ கைப்பையை வைப்பதோ கூடாது. இந்தியாவின் இஸ்லாமியக் கல்லறைகளில் பரவலாக ஆண்களுக்கு எழுதுகோல் பெட்டி போன்ற நீண்ட மேட்டையும், பெண்களுக்கு எழுதுபலகை போன்ற தட்டையான மேற்பரப்பையும் அமைப்பது வழக்கம் என்பதைத் தெரிந்துகொண்டால், பெயர் தெரியாத சிறு கல்லறைகளிலும் உறங்குபவர் ஆணா பெண்ணா என்று ஊகிக்கலாம்.

இறந்தவரின் உடலை அடக்கத்துக்கு முன் நீராட்டிய குளியல் கூடமும் இதே வளாகத்தில் உள்ளது. பலர் அதைக் கடந்து போய்விடுகிறார்கள். நீர் வந்த வழியும் உடலைக் கிடத்திய கல்மேடையும் இன்றும் தெளிவாகத் தெரியும் அந்த இடம்தான், இது வெறும் நினைவுச்சின்னத் தோட்டம் அல்ல, ஓர் அரச குடும்பத்தின் இடுகாடு என்பதைத் தெளிவாக உணர்த்துகிறது.

குழந்தைகளையும் வயதான தாயாரையும் அழைத்துச் செல்லலாமா? நாங்கள் இந்துக்கள், உள்ளே என்ன முறைகளைக் கடைப்பிடிக்கவேண்டும்? (கும்பகோணம் வாசகி)

தாராளமாக அழைத்துச் செல்லலாம். எம்மதத்தவருக்கும் தடை இல்லை. தோட்டப் பாதைகள் பெரும்பாலும் சமதளம் என்பதால் தாயாருக்குக் கோட்டையைவிட இது எளிது, ஆனால் மேடைகளுக்குப் படி ஏறவேண்டும். காலணியைக் கழற்றச் சொல்லும் இடங்களில் கழற்றிவிடுங்கள். குவிமாடத்தின் உள்ளே எதிரொலி அதிகம் என்பதால் குழந்தைகள் கத்திப் பார்க்க ஆசைப்படுவார்கள். யாரேனும் வேண்டிக்கொண்டிருக்கும்போது அது மிகவும் சங்கடமாகிவிடும். நினைவுக் கல்லின்மேல் ஏறி நின்று படம் எடுப்பவர்களைப் பார்த்துக் குழந்தைகள் பழகிக்கொள்ளாமல் நீங்கள்தான் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அண்மையில் பார்த்தபோது சில கட்டடங்கள் புதுப்பூச்சுடன் பளிச்சென்று இருந்தன. பழமையைக் கெடுத்துவிட்டார்கள் அல்லவா? (கோவை வாசகர்)

இந்த வருத்தம் பலருக்கு உண்டு. ஆனால் என்னால் உடன்பட இயலவில்லை. நீங்கள் பழமை என்று நினைவில் வைத்திருக்கும் கறுத்த மேற்பரப்பில் பெரும்பகுதி பழமையே அல்ல. 20ஆம் நூற்றாண்டில் பழுதுபார்த்தபோது பூசப்பட்ட சிமெண்ட் கறுத்துப்போனதுதான். இக்கட்டடங்கள் கருங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டு எழுப்பப்பட்டவை. சுண்ணாம்புப் பூச்சு உள்ளே புகுந்த ஈரத்தை வெளியே ஆவியாக விடும். சிமெண்ட் அதைச் சுவருக்குள்ளேயே அடைத்துவைத்து, உப்புப் பூக்கவும் விரிசல் விழவும் காரணமாகிறது. ஆகா கான் பண்பாட்டு அறக்கட்டளை மாநில அரசோடு சேர்ந்து 2013இல் தொடங்கி 2024இல் நிறைவு செய்த பணியின் முக்கியமான பகுதி, அந்தச் சிமெண்டை அகற்றிவிட்டு மீண்டும் சுண்ணாம்பு பூசியதுதான். நம் கோயில் கோபுரத்துச் சுதை தேய்ந்தபோது திருப்பணியில் புதுப்பிக்கிறார்களே, அதைப்போன்றதே இதுவும்: மேற்பூச்சு தேய்வதற்கென்றே இருப்பது, உள்ளே உள்ள கல் நிற்பதற்கு அதுவே காவல்.

2013இல் மழையில் ஒரு பகுதி இடிந்து விழுந்த பெரிய படிக்கிணற்றையும் இந்தப் பணியில் மீட்டெடுத்தார்கள். வளாகத்தின் படிக்கிணறுகளைச் சீரமைத்ததற்கு 2022இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. தோட்டத்துக்கு நீர் தந்தவை அவைதாம் என்பதால், கல்லறைகளோடு அவற்றையும் எட்டிப் பாருங்கள்.

எட்டு மன்னர்களில் ஏழு பேர் என்றால், எட்டாமவர் எங்கே? (விருதுநகர் வாசகர்)

எட்டாமவர் தானிஷா என்று அறியப்படும் அபுல் ஹசன். பத்ராசல ராமதாசரைக் கோல்கொண்டாவில் சிறையிட்ட மன்னராக நம்மில் பலருக்குக் கதைவழி தெரிந்தவர். ஔரங்கசீப்பின் படை எட்டு மாதம் முற்றுகையிட்டு, உள்ளிருந்த ஒருவரின் துரோகத்தால் 1687இல் கோட்டைக்குள் நுழைந்தது. அந்த முற்றுகைக் காலத்தில் முகலாயப் படையினர் தங்கியதும் இந்தக் கல்லறைத் தோட்டத்தில்தான். சிறைப்பட்ட தானிஷா தௌலதாபாத் கோட்டையில் ஏறக்குறைய 12 ஆண்டுகள் அடைபட்டிருந்து அங்கேயே இறந்தார். கோல்கொண்டாவில் அவருக்கென்று தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் கல்லறை முற்றுப்பெறாமல் நிற்கிறது. அதில் பின்னர் வேறொருவர் அடக்கம் செய்யப்பட்டார்.

தானிஷாவின் கல்லறை மகாராஷ்டிரத்தின் குல்தாபாத்தில், குவிமாடம் எதுவுமின்றி எளிமையாக உள்ளது. அவரைச் சிறைப்படுத்திய ஔரங்கசீப்பும் 1707இல் இறந்தபின் அதே ஊரில், திறந்த வெளியில், அதேபோன்ற எளிய கல்லறையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். எல்லோரா குகைகளுக்குச் செல்பவர்களுக்குக் குல்தாபாத் சில கிலோமீட்டர் தொலைவுதான். தௌலதாபாத் கோட்டையும் அதே சாலையில் உள்ளது. கோல்கொண்டாவைப் பார்த்துவிட்டு எல்லோராவுக்கும் திட்டமிடுபவர்கள் காலையில் தௌலதாபாத், நண்பகலில் குல்தாபாத், பிற்பகலில் எல்லோரா என்று ஒரே நாளில் வைத்துக்கொள்ளலாம். எல்லோரா குகைகளுக்குச் செவ்வாய்க்கிழமை விடுமுறை என்பதை மட்டும் மறந்துவிடவேண்டாம்.