குற்றம் உலையில் இல்லை

ஐயா, வணக்கம். கிருஷ்ணகிரியில் எம்.எஸ்சி. வேதியியல் படிக்கிறேன். கால்சியம் நைட்ரேட், டைஅம்மோனியம் பாஸ்பேட் கரைசல்களைச் சேர்த்து எலும்பின் முக்கியக் கனிமமான ஹைட்ராக்சிஅபடைட் தயாரித்தேன். எக்ஸ்.ஆர்.டி.யும் (எக்ஸ் கதிரால் படிக வகையைக் காட்டும் சோதனை) அபடைட் என்றே காட்டியது. 900 டிகிரியில் சுட்டதும் பாதி, பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் என்ற வேறொரு கால்சியம் பாஸ்பேட்டாகிவிட்டது. உலை அதிகம் சூடாகிறதா? எத்தனை டிகிரியில் சுடலாம்? பேசாமல் நம் பக்கத்து மாட்டெலும்பையே சுடலாமா?

அன்புள்ள தம்பி,

இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நினைத்திருந்தபோதே உன் கடிதம் வந்தது. சோர்ந்துபோகாதே. ஆனால் உலையைத் திட்டுவதை முதலில் நிறுத்து. கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் சரியான அபடைட் 1200 டிகிரி வரைகூடத் தாக்குப்பிடிக்கும். உன்னுடையது 900லேயே பிரிந்தது என்றால், கால்சியம் குறைந்த அபடைட்டைத்தான் நீ உலைக்குள் வைத்திருக்கிறாய். அதுவும் சுடுவதற்கு முன் எக்ஸ்.ஆர்.டி.யில் அபடைட்டாகவே தெரியும். 700, 800 டிகிரியில்தான் குட்டு வெளிப்படும்.

தராசுக்கு வா. கால்சியம் நைட்ரேட் டெட்ராஹைட்ரேட் 23.6 கிராம், டைஅம்மோனியம் பாஸ்பேட் 7.92 கிராம் எடுத்தால் கால்சியம், பாஸ்பரஸ் விகிதம் 1.67. அபடைட்டுக்கு வேண்டியது அதுதான். அந்த நைட்ரேட் காற்றின் ஈரத்தைக் குடிக்கும் உப்பு. மூடி சரியாக இல்லாத புட்டியில் 5 சதவீதம் ஈரம் ஏறியிருந்தால், நீ நிறுத்த கால்சியத்திலும் அவ்வளவு குறையும். விகிதம் 1.58. டிரைகால்சியம் பாஸ்பேட்டுக்கு 1.5. நடுவில் நிற்கும் கலவை சுட்டால் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதியாகத்தானே பிரியும்? உனக்கு வந்ததும் அதுதான். லேபிளை நம்பி நிறுத்துவது சோம்பேறித்தனம். கரைசலாக்கி, ஈ.டி.டி.ஏ. டைட்ரேஷனில் (கால்சியத்தைப் பிடிக்கும் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு அளக்கும் முறை) கால்சியத்தை அளந்துவிட்டு, அதற்கேற்ப பாஸ்பேட்டைக் கணக்கிடு.

பாஸ்பேட்டைச் சொட்டுச் சொட்டாக விடு. அம்மோனியா சேர்த்து பி.எச். 10க்குக் குறையாமல் பார்த்துக்கொள். குறைந்தால் ஹைட்ரஜன் பாஸ்பேட் உள்ளே புகுந்து, மறுபடி அதே கதை. இரவு முழுக்கக் கலக்கவிட்டு, நைட்ரேட் போகும்வரை கழுவு. கழுவாமல் உலையில் வைப்பது ஆபத்து.

பயந்துபோய் கால்சியத்தை அதிகம் போடாதே. மிஞ்சுவது சுண்ணாம்பாகும். பொடியை அழுத்திச் சுட்ட வில்லை நன்றாக இருப்பதுபோல் இருந்து, ஈரக்காற்றில் நீறி விரிசல்விடும். பொடியை நீரில் கலக்கி பினால்ப்தலீன் (காரத்தில் சிவக்கும் நிறங்காட்டி) விட்டுப் பார், சிவந்தால் விகிதம் அந்தப் பக்கம் போய்விட்டது. 1125 டிகிரியைத் தாண்டினால் டிரைகால்சியம் பாஸ்பேட்டின் பீட்டா வடிவம் ஆல்பா வடிவமாகி, கன அளவு பெருகி வில்லை வெடிக்கும் என்பதையும் குறித்துக்கொள்.

எலும்பு இதற்கு மாற்று இல்லை. அதில் மக்னீசியமும் கார்பனேட்டும் உண்டு. தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரைக் குடித்த மாடென்றால் புளூரைடும் ஏறியிருக்கும். அது ஹைட்ராக்சில் இடத்தில் உட்கார்ந்து, படிகத்தின் ஏ அச்சைச் சுருக்கி, சூட்டுக்கு அசையாததாக்கிவிடும். அதைத் தூய ஹைட்ராக்சிஅபடைட் என்று ஆய்வேட்டில் எழுதாதே. சுடத்தான் ஆசை என்றால், முதலில் புளூரைடை அளந்துவிட்டு எழுது.