வேடந்தாங்கலுக்கு ஓர் அரை நாள்: தொடக்கப் பள்ளிச் சுற்றுலாவைப் பாடமாக்குவது எப்படி?

கேள்வி: மதுராந்தகம் வட்டத்தில் ஓர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டிலும் சேர்த்து 34 குழந்தைகள். சென்ற ஆண்டு வண்டலூர், மாமல்லபுரம், கடற்கரை என்று ஒரே நாளில் அழைத்துச் சென்றோம். திரும்பி வந்து கட்டுரை எழுதச் சொன்னபோது பலரும் வேனையும் ஐஸ்கிரீமையும் பற்றியே எழுதினார்கள். பணம் கட்ட முடியாத இரண்டு குழந்தைகள் வரவே இல்லை. இந்த ஆண்டு வேடந்தாங்கல் போகலாம் என்று எண்ணுகிறோம். வகுப்பறைச் செயல்பாடுகளோடு இணைத்து எப்படித் திட்டமிடுவது? நடப்பதற்குச் சிரமப்படும் மாணவன் ஒருவன் இருக்கிறான். அவனையும் அழைத்துச் செல்லலாமா?

பதில்: இடத்தைச் சரியாகத் தேர்ந்திருக்கிறீர்கள். உங்கள் வட்டத்திலிருந்து அது பக்கத்திலேயே இருப்பதால், முழு நாளைச் செலவிடத் தேவையில்லை. விடியற்காலையில் புறப்பட்டு மதிய உணவுக்குப் பள்ளிக்கே திரும்பிவிடலாம். அரை நாள் போதுமா என்று தலைமையாசிரியர் கேட்கக்கூடும். எட்டு, ஒன்பது வயதுக் குழந்தையால் ஒரு காலைப்பொழுதில் ஊன்றிப் பார்க்க முடிவது ஓர் இடத்தைத்தான். நானும் பணியில் சேர்ந்த புதிதில் ஒரே நாளில் நான்கு இடங்களைக் காட்டியவன்தான். நான்காவது இடத்தில் குழந்தைகள் வேனை விட்டு இறங்க மறுத்த பிறகே இது எனக்குப் புரிந்தது.

முதலில் நாளையும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் பறவைகள் திரளாக வந்து கூடு கட்டும்; மழை பொய்த்த ஆண்டில் அங்கே பார்ப்பதற்கு அதிகம் இருக்காது. ஆகவே வேனுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன் வனத்துறை அலுவலகத்தில் நீர் இருப்பையும் பறவை வரத்தையும் கேட்டறியுங்கள். அரையாண்டுத் தேர்வும் பொங்கல் விடுமுறையும் முடிந்த பிறகு, ஜனவரியின் பின்பாதியில் ஒரு வேலை நாள் பொருத்தமாக இருக்கும். அப்போது பல கூடுகளில் குஞ்சுகள் இருக்கும். காணும் பொங்கல் கூட்டமும் கலைந்திருக்கும். பள்ளிச் சுற்றுலாக்கள் பெரும்பாலும் பதினொரு மணிக்குப் போய்ச் சேர்ந்து, வெயிலில் அசையாமல் நிற்கும் பறவைகளைத் தொலைவிலிருந்து பார்த்துவிட்டு, “ஒன்றுமே இல்லை, டீச்சர்” என்ற குரலோடு திரும்புகின்றன. காலை ஏழு மணிக்கு நீங்கள் ஏரிக்கரையில் நின்றால், இரை தேடப் புறப்படும் பறவைகளையும், குச்சியைக் கவ்விக்கொண்டு கூட்டுக்குத் திரும்பும் பறவைகளையும், தாயின் அலகுக்காகச் சண்டையிடும் குஞ்சுகளையும் ஒருசேரப் பார்க்கலாம்.

வகுப்பறை வேலை அதற்கு இரண்டு வாரம் முன்பே தொடங்க வேண்டும். நான் முதலில் பரிந்துரைப்பது எண்ணிக்கைப் பயிற்சி. ஒரு தாம்பாளத்தில் நூறு புளியங்கொட்டைகளைப் பரப்பி, துணியால் மூடி, ஐந்து விநாடி மட்டும் திறந்து காட்டிவிட்டு, எத்தனை இருக்கும் என்று ஒவ்வொரு குழந்தையையும் சிலேட்டில் எழுதச் சொல்லுங்கள். முதல் நாள் இருபது என்றும் ஆயிரம் என்றும் விடைகள் வரும். யாரையும் திருத்த வேண்டாம். அடுத்த நாள், பத்துக் கொட்டைகள் எவ்வளவு இடத்தை அடைக்கின்றன என்பதை விரல்களால் வளையமிட்டுப் பார்க்கச் செய்து, அப்படி எத்தனை வளையங்கள் தாம்பாளத்தில் அடங்கும் என்று கணிக்கக் கற்றுக்கொடுங்கள். கொட்டைகளின் எண்ணிக்கையை மாற்றி மாற்றி நான்கைந்து நாள் தொடர்ந்தால், கணிப்புகள் உண்மையை நெருங்கி வருவதைக் குழந்தைகளே கண்டுகொள்வார்கள். பறவைக் கணக்கெடுப்பில் ஈடுபடுவோர் பெரிய கூட்டங்களை எண்ணுவதும் இதே முறையில்தான். பத்துப் பத்தாக எண்ணுதல், தோராயம், நூறுகள் என்று உங்கள் வகுப்பின் கணக்குப் பாடம் அப்படியே இதற்குள் வந்துவிடுகிறது.

இரண்டாவது செயல்பாடு அலகுகளைப் பற்றியது. வீட்டிலிருந்து ஓர் இடுக்கி, ஒரு கரண்டி, ஒரு வடிகட்டி, ஒரு நீளமான ஊசி, துணி உலர்த்தும் கிளிப் ஆகியவற்றைக் கொண்டுவரச் சொல்லுங்கள். அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி, அதில் ஊறிய கொண்டைக்கடலை, சிறு கற்கள், இலைத்துணுக்குகள் ஆகியவற்றைப் போட்டு, எந்தக் கருவியால் எதை எளிதாக எடுக்க முடிகிறது என்று குழுக்களாகச் செய்து பார்க்கட்டும். (ஊசியை மட்டும் உங்கள் கையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.) அதன் பிறகு பறவைகளின் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள்: கரண்டிவாயன், அரிவாள்மூக்கன், நத்தைக்குத்தி நாரை, பாம்புத்தாரா, கூழைக்கடா. படம் காட்டாமல், பெயரை மட்டும் வைத்து அந்தப் பறவை எப்படி இருக்கும், என்ன தின்னும் என்று வரையச் சொல்லுங்கள். நம் மொழியில் இப்பெயர்களில் பெரும்பாலானவை பறவையின் உருவத்தையோ தொழிலையோ சொல்லிவிடுகின்றன. காரணப்பெயர் என்ற இலக்கணச் சொல்லை இந்த வயதில் சொல்லத் தேவையில்லை, ஆனால் அந்தக் கருத்து இவ்வாறு அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும். பெலிக்கன் எனப்படும் கூழைக்கடா மட்டும் எளிதில் பிடிபடாது. பிடிபடாத ஒரு பெயர் இருப்பதும் நல்லதுதான், ஏனெனில் ஏரியில் எல்லோரும் அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

இங்கே ஆசிரியர்கள் அடிக்கடி செய்யும் ஒரு பிழையைச் சுட்ட வேண்டும். வேடந்தாங்கலில் இருப்பவை எல்லாம் சைபீரியாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வந்தவை என்று குழந்தைகளிடம் சொல்லிவிடுகிறோம். அங்கே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் நாரைகள், கூழைக்கடாக்கள், அரிவாள்மூக்கன்கள், நீர்க்காகங்கள் ஆகியவை நம் நாட்டிலும் அண்டை நிலங்களிலும் நீரைத் தேடி இடம் மாறுபவை. ஊசிவால் வாத்து, கிளுவை போன்றவை வடக்கே தொலைதூரத்திலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க வருபவை. அவை இங்கே கூடு கட்டுவதில்லை. “கூட்டில் இருக்கும் பறவையா, தண்ணீரில் மட்டும் மிதக்கும் பறவையா?” என்ற ஒரு கேள்வியைக் கொடுத்துவிட்டால், இந்த வேறுபாட்டைக் குழந்தைகளே ஓரளவு பிரித்தறிய முடியும்.

அன்றைய தினத்திற்கு ஆறு அல்லது ஏழு குழந்தைகள் கொண்ட ஐந்து குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரே ஒரு பறவையை ஒப்படையுங்கள். நத்தைக்குத்தி நாரையைப் பெற்ற குழு, அலகின் நடுவில் இடைவெளி தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். வளர்ந்த பறவைக்கு அந்த இடைவெளி உண்டு, குஞ்சுக்கு இல்லை என்பதை அவர்கள் தாமாகவே கண்டுபிடித்தால் அந்தப் பயணத்தின் செலவு வசூலாகிவிட்டது என்று நான் சொல்வேன். பாம்புத்தாராவின் குழு, அது சிறகை விரித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணட்டும். முப்பது கோடிட்ட இடங்களை நிரப்பும் பணித்தாள் வேண்டவே வேண்டாம். குழந்தைகள் பறவையைப் பார்க்காமல் பக்கத்துப் பிள்ளையின் தாளைப் பார்ப்பார்கள். ஒரு பென்சிலும் பாதி வெள்ளைத் தாளும் போதும். இருநோக்கி (பைனாகுலர்) ஒன்றிரண்டு கிடைத்தால், ஒருவருக்கு இருபது எண்ணும் வரை என்று முறை வகுத்துவிடுங்கள். சூரியன் இருக்கும் பக்கம் அதைத் திருப்பவே கூடாது என்பதை முந்தைய நாளே பழக்கப்படுத்துங்கள்.

அமைதியாக இருக்கச் சொல்லி அதட்டுவதைவிட, காரணம் சொல்வது பலன் தரும். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டியுள்ள கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், பறவைகள் அஞ்சிவிடும் என்பதற்காகத் தீபாவளிக்கும் பட்டாசு வெடிப்பதில்லை என்று சொல்லிப் பாருங்கள். நம் குழந்தைகளுக்கு அந்தத் தியாகத்தின் அளவு உடனே விளங்கும். வேடந்தாங்கலுக்கும் இத்தகைய கதை உண்டு. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியிலேயே, பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர் மக்கள் ஆங்கிலேய ஆட்சியாளரிடம் முறையிட்டார்கள். 1936ஆம் ஆண்டில் அது முறைப்படி சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்தச் சிறிய ஏரியை ஊரார் ஏன் இவ்வளவு காலம் காத்தார்கள் என்ற கேள்விக்கு நீங்கள் விடை சொல்லிவிடாதீர்கள். எச்சம் கலந்த நீர் வயலுக்கு உரமாவதைப் பற்றி அவ்வூர் விவசாயி ஒருவரே பத்து நிமிடம் பேசினால், அது பாடநூலின் ஒரு பக்கத்தைவிட ஆழமாகப் பதியும். முன்கூட்டியே ஒருவரைப் பார்த்துப் பேசி வையுங்கள்.

அதற்காகவும், நீங்கள் குறிப்பிட்ட மாணவனுக்காகவும், ஒரு வாரம் முன்பு நீங்கள் ஒருமுறை தனியாகப் போய்வர வேண்டும். அவனைக் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். கரையோர நடைபாதையிலிருந்தே கூடுகள் நன்றாகத் தெரியும். கண்காணிப்புக் கோபுரத்தில் ஏறித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. எவ்வளவு தூரம் நடக்க வேண்டும், எங்கே உட்காரலாம், கழிப்பறை எவ்வளவு தொலைவு என்பதைப் பார்த்து, அவனுடைய அம்மாவோ அப்பாவோ உடன் வர முடியுமா என்று கேளுங்கள். அவன் இருக்கும் குழுவுக்கு ஒரே இடத்தில் அமர்ந்து கவனிக்கும் வேலையை, எடுத்துக்காட்டாக ஒரு கூட்டுக்கு அரை மணி நேரத்தில் பெரிய பறவை எத்தனை முறை வந்து போகிறது என்று எண்ணும் வேலையைக் கொடுத்தால், யாரும் அவனுக்காகக் காத்திருப்பதாகத் தோன்றாது.

நிருவாக ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். தலைமையாசிரியர் வழியாக வட்டாரக் கல்வி அலுவலரின் எழுத்துபூர்வ அனுமதியையும், ஒவ்வொரு பெற்றோரின் கையொப்பமிட்ட ஒப்புதலையும் பெறுங்கள். பத்துக் குழந்தைக்கு ஒரு பெரியவராவது இருக்க வேண்டும். அவர்களில் பெண்கள் இருப்பது அவசியம். வேனின் எஃப்.சி. (தகுதிச் சான்று), காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். பக்கத்தில்தானே என்று குட்டி யானையில் ஏற்றிச் செல்லும் யோசனை வந்தால் உறுதியாக மறுத்துவிடுங்கள். சரக்கு வாகனத்தில் ஆள் ஏற்றுவது சட்டப்படி தவறு. காலை உணவு சமைக்கும் மகளிரிடம் முந்தைய வாரமே பேசி, அன்றைக்கு என்ன செய்ய இயலும் என்று முடிவு செய்யுங்கள். வேனில் வாந்தி வரும் குழந்தைகளை முன்பக்கம் உட்காரவைத்து, கையில் ஒரு காகித உறையைக் கொடுத்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றி எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு: குழந்தைகளிடம் வசூலிக்கக் கூடாது. “விருப்பப்பட்டவர்கள் மட்டும்” என்று அறிவித்தால், கொடுக்க இயலாத வீட்டுக் குழந்தைக்கு அன்று காய்ச்சல் வந்துவிடும். அரை நாள் வேன் வாடகையும் நுழைவுக் கட்டணமும்தான் செலவு என்பதால், பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கணக்கை வைத்து, முன்னாள் மாணவர்களிடமோ ஊர்ப் பெரியவர்களிடமோ மொத்தமாகப் பெற முயலுங்கள். அது கைகூடாவிட்டால், எல்லோரும் நடந்தே போகக்கூடிய உங்கள் ஊர் ஏரிக்கு அழைத்துச் செல்வது, சிலரை விட்டுவிட்டு வேடந்தாங்கல் போவதைவிட மேலானது.

திரும்பிய பின் “நான் சென்ற சுற்றுலா” என்று கட்டுரை எழுதச் சொல்லாதீர்கள். அந்தத் தலைப்புதான் வேனையும் ஐஸ்கிரீமையும் வரவழைத்தது. ஒவ்வொரு குழுவும் தன் பறவையைப் பற்றித் தான் கண்ட மூன்று செய்திகளை மட்டும், கேட்டவற்றைக் கலக்காமல், மற்ற குழுக்களுக்குச் சொல்லட்டும். பிறகு வகுப்பைத் திடலுக்கு அழைத்துச் சென்று, கூழைக்கடாவின் சிறகு விரிப்பைத் தரையில் கயிற்றால் அளந்து காட்டுங்கள். அது இரண்டு மீட்டருக்கு மேல் இருக்கும். இரண்டு குழந்தைகள் கைகளை நீட்டி விரல் நுனி தொட்டு நின்றால் ஏறக்குறைய ஈடாகும். நத்தைக்குத்தி நாரையின் உயரம் சுமார் 68 செ.மீ.; வகுப்பு மேசையின் உயரத்தோடு ஒப்பிட்டு அவர்களே அளக்கட்டும்.

அடுத்து வரும் வெள்ளிக்கிழமை மாலை, உங்கள் ஊர் ஏரிக்கோ நடவு முடிந்த வயலுக்கோ கால் மணி நேரம் அழைத்துச் செல்லுங்கள். வேடந்தாங்கலில் பார்த்த அதே நத்தைக்குத்தி நாரை இரண்டொன்று சேற்றில் நத்தை தேடிக்கொண்டிருக்க நல்ல வாய்ப்பு உண்டு. எத்தனை என்று எண்ணி, தேதியோடு வகுப்புச் சுவரில் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பள்ளி ஆண்டு முடியும் வரை வாரம் ஒரு வரி சேர்த்துக்கொண்டே போங்கள். ஏரி வற்ற வற்ற எண் எப்படி மாறுகிறது என்பதை ஏப்ரலில் அந்தத் தாளைப் பார்த்து அவர்களே சொல்வார்கள்.