முற்றிய மார்பகப் புற்றுநோய்: மருந்தை மாற்றும் நேரம் எது?

அம்மா லெட்ரோசோலும் பால்போசிக்லிபும் சாப்பிடத் தொடங்கி ஆறு வாரம் ஆகிறது. ரத்தத்தில் பார்க்கும் புற்றுநோய்க் குறியீடான சிஏ 15-3 அளவு 48-லிருந்து 71 ஆகிவிட்டது. மருந்து கேட்கவில்லையா? (அம்மாபேட்டை)

அப்படி முடிவு கட்ட வேண்டாம். புது மருந்தின் முதல் சில வாரங்களில், நோய் அடங்கும்போதே இந்த அளவு ஏறுவதுண்டு. ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து மருந்தை மாற்றுவதில்லை. புதிதாக எலும்பு வலி, மூச்சு வாங்குதல், மஞ்சள் காமாலை ஏதாவது இருந்தால் ஸ்கேனை முன்கூட்டியே எடுக்கச் சொல்வேன். இல்லையென்றால் மூன்றாம் மாதம் எடுத்தால் போதும்.

கல்லீரலில் இருந்த கட்டி 21 மி.மீ. இப்போது 23. டாக்டர் "பார்ப்போம்" என்கிறார். அலட்சியமா? (ஆத்தூர்)

இல்லை. 2 மி.மீ. என்பது அளந்தவர் கோடு போட்ட இடத்தைப் பொறுத்தே வரக்கூடிய வித்தியாசம். நோய் கூடிவிட்டது என்று சொல்வதற்கான பொதுவான அளவுகோல் இதுதான்: அளந்த கட்டிகளின் மொத்தக் கூட்டு, சிகிச்சையில் அது மிகச் சிறிதாக இருந்த அளவிலிருந்து 20 சதவீதமாவது, அதிலும் 5 மி.மீ.யாவது கூடியிருக்க வேண்டும். அல்லது புதுக் கட்டி வந்திருக்க வேண்டும். "மிகச் சிறிதாக இருந்த அளவு" என்பதை கவனியுங்கள். 21, 23, 25, 27 என்று நகர்ந்தால் ஒவ்வொரு ரிப்போர்ட்டும் போன தடவையை ஒப்பிட்டு "பெரிய மாற்றமில்லை" என்றே சொல்லும். ஆனால் 21-க்கும் 27-க்கும் இடையே 6 மி.மீ. வந்துவிட்டது. அங்கேதான் ஏமாறுகிறோம். அதனால் பழைய ஸ்கேன் சிடிகளையும் கையோடு கொண்டு வாருங்கள். பலர் கடைசி ரிப்போர்ட்டை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வருகிறார்கள். அதை வைத்து நான் என்ன செய்ய?

நோய் கூடியது உறுதியாகிவிட்டது. மறுபடி பயாப்சி எதற்கு? ஊசி குத்தினால் பரவாதா? (ஓமலூர்)

பரவும் என்பது வெறும் பயம். ஹார்மோன் ஏற்பியும் ஹெர்2-வும் (எந்த மருந்து கேட்கும் என்று காட்டும், புற்றுநோய்ச் செல்லில் உள்ள புரதங்கள்) முதல் கட்டியில் இருந்தது போலவே இப்போதும் இருக்க வேண்டும் என்பதில்லை. மாறியிருந்தால் அடுத்த மருந்தும் மாறும். எட்டக்கூடிய இடமென்றால் எடுத்துவிடுங்கள்.

கேப்சிடாபின் மாத்திரையில் கட்டி சுருங்கியிருக்கிறது. ஆனால் அக்காவுக்கு உள்ளங்கையும் உள்ளங்காலும் உரிந்து, செருப்புப் போட முடியவில்லை. எஸ்டேட்டில் காபி பறிக்கும் வேலை. வேறு மருந்து கேட்கலாமா? (ஏற்காடு)

அவசரப்படாதீர்கள். நோய் மீறுவது வேறு, உடம்பு தாங்காமல் போவது வேறு. கேட்கிற மருந்தைத் தொலைத்துவிட்டால் அடுத்தது இந்த அளவுக்குக் கேட்குமா என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இவ்வளவு வலி என்றால் இன்றே டாக்டரிடம் போனில் சொல்லுங்கள். பெரும்பாலும் தோல் ஆறும்வரை நிறுத்தி, பிறகு அளவைக் குறைத்துத் தொடங்குவார்கள். அளவைக் குறைத்தால் நோய் கூடிவிடும் என்று பயந்து வலியை மறைக்கிறவர்கள்தான் அதிகம். 20 கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி வந்தும் "பரவாயில்லை சார்" என்பார்கள்! அப்புறம் கையைத் திருப்பிக் காட்டச் சொன்னால், வெடிப்புக்குள் ரத்தம். குறைத்த பிறகும் தாங்கவில்லை என்றால்தான் மருந்து மாற்றும் பேச்சு. அதுவரை யூரியா கலந்த கிரீம் தடவட்டும், சுடுநீர் வேண்டாம், தளர்ந்த செருப்பு போடட்டும். வயிற்றுப்போக்கு அதிகமானால் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் டாக்டரைக் கூப்பிடுங்கள். பறிப்பு வேலைக்கு, கை ஆறும்வரை லீவு.