ஆடுகளம் கண்ட பொருள்கள்: வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் இப்பகுதியில், நான் முப்பது ஆண்டுகளாகச் சேர்த்துவரும் மட்டைகள், பந்துகள், ஜேர்சிகள் பற்றிச் சிறு குறிப்பொன்றை எழுதியிருந்தேன். வீரர் ஒருவர் உண்மையாகவே ஆட்டத்தில் பயன்படுத்திய பொருளைத் தவிர வேறொன்றையும் வாங்குவதில்லை என்று அதில் நான் சொன்னது பல வாசகர்களைக் கடிதம் எழுத வைத்திருக்கிறது. மட்டக்களப்பிலிருந்தும் அம்பாறை மாவட்டக் கரையோரத்திலிருந்தும் வந்தவற்றுள் சிலவற்றுக்கு இங்கே பதில் தருகிறேன்.

கேள்வி: ஐயா, இலங்கை அணி வீரர் ஒருவர் அணிந்து விளையாடியது என்று கூறி ஒரு ஜேர்சியை 85,000 ரூபாவுக்குத் தருவதாக முகநூலில் ஒருவர் சொல்கிறார். கையொப்பமும் இருக்கிறது, உறுதிச் சான்றிதழும் இருக்கிறது. நம்பி வாங்கலாமா?
– அரச அலுவலர் ஒருவர், கல்முனை

பதில்: முதலில் சான்றிதழை மடித்து ஓரமாக வைத்துவிடுங்கள். விற்பவரே கையெழுத்திட்டுக் கொடுக்கும் சான்றிதழ், மாப்பிள்ளையின் குணத்துக்கு மாப்பிள்ளை வீட்டாரே சாட்சி சொல்வது போன்றது. கையொப்பமும் அப்படித்தான். அந்தத் துணியில் வீரர் எழுதினார் என்பதை அது காட்டலாம். அதை அவர் அணிந்தார் என்பதைக் காட்டாது. கடையில் வாங்கிய ஜேர்சியை விடுதி வாசலில் நின்று நீட்டினாலும் அவர் கையொப்பமிட்டுவிட்டுத்தான் போவார்.

'வீரருடையது' என்ற சொல்லுக்குள் பல பொருள்கள் ஒளிந்திருக்கின்றன. ரசிகர்களுக்கெனக் கடையில் விற்கும் பிரதியும் உண்டு; அணிக்கென்றே தைத்து, வீரரின் பெயரும் இலக்கமும் பதித்து, கடைசிவரை பைக்குள்ளேயே கிடந்ததும் உண்டு; பயிற்சியில் மட்டும் அணிந்ததும் உண்டு. ஆட்டத்தில் வியர்த்தது இவை எல்லாவற்றுக்கும் அப்பாற்பட்டது. ஆட்டத்தில் அணிந்ததற்குரிய விலையை வாங்கிக்கொண்டு பைக்குள் கிடந்ததைக் கொடுப்பதே இந்தச் சந்தையின் வழக்கமான ஏமாற்று. ஆகவே விற்பவரிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: எந்த நாளில், எந்த மைதானத்தில், யாருக்கு எதிராக அணிந்தது? என்னுடைய அளவுகோல் முழுவதும் இந்த ஒரு கேள்விதான். ஒரு நாளோடு கட்டிவைக்க முடியாத பொருளை நான் வீட்டுக்குள் எடுப்பதில்லை.

இதை நான் காசு கொடுத்துத்தான் கற்றேன். 1996 மார்ச் 17 அன்று லாகூரில் அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 ஓட்டங்கள் எடுத்து உலகக் கிண்ணத்தை நம் கையில் சேர்த்ததை அயல்வீட்டுத் தொலைக்காட்சிக்கு முன்னால் நின்றுகொண்டு பார்த்தவன் நான். பின்னாளில் கொழும்பில் வியாபாரி ஒருவர் அந்த அணியின் ஜேர்சி என்று ஒன்றைக் காட்டியபோது, கேள்வி எதுவும் கேட்கத் தோன்றாமல் 40,000 ரூபாவை எண்ணிக் கொடுத்தேன். வீட்டுக்கு வந்து, கழுத்துப் பட்டியின் உட்புறம் தைத்திருந்த துவைக்கும் குறிப்புத் துண்டைப் புரட்டினால், அதில் தயாரிப்பாளரின் இணையத்தள முகவரி அச்சிடப்பட்டிருக்கிறது! 1996இல் யார் ஜேர்சித் துண்டில் இணைய முகவரி போட்டார்கள்? அந்த ஜேர்சி இன்றும் என்னிடம் இருக்கிறது; மழைநாளில் மோட்டார் சைக்கிள் துடைக்க நன்றாக உதவுகிறது.

காலம் இப்படிச் சிறிய இடங்களில்தான் காட்டிக்கொடுக்கும். டெஸ்ட் ஆட்டத்தின் வெள்ளைச் சட்டையில் முதுகுப்புறம் பெயரும் இலக்கமும் வந்தது 2019 ஒகஸ்ட் 1ஆம் திகதி இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் இடையே தொடங்கிய ஆஷஸ் தொடரிலிருந்துதான். அதற்கு முந்திய டெஸ்ட் சட்டை என்று சொல்லி முதுகில் பெயர் பொறித்த ஒன்றைக் காட்டினால் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை.

விற்பவர் திகதியைச் சொல்லிவிட்டால் அந்த நாளின் படங்களைத் தேடி எடுத்து ஒப்பிட வேண்டும். பெரிய ஏலங்களிலும் இன்று இந்த ஒப்பீட்டைத்தான் நம்புகிறார்கள். 1986 ஜூன் 22 அன்று மெக்சிக்கோ நகரில் இங்கிலாந்துக்கு எதிராக மரடோனா கையால் ஒன்றும் காலால் ஒன்றுமாக இரண்டு கோல்கள் போட்டபோது அணிந்திருந்த நீல ஜேர்சியை, ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹொட்ஜ் மாற்றி வாங்கிக்கொண்டார். 2022இல் அது ஏலத்துக்கு வந்தபோது, ஹொட்ஜிடம் இருப்பது கோல் எதுவும் விழாத முதற்பாதியில் அணிந்தது, கோல் போட்ட ஜேர்சி வேறு என்று மரடோனாவின் குடும்பத்தார் மறுத்தார்கள். ஏல நிறுவனமான சதபீஸ் அதைப் பழைய படங்களோடு ஒப்பிட வைத்தது. சின்னமும் கோடுகளும் இலக்கமும் இரண்டாம் பாதிப் படங்களோடு பொருந்தின. ஜேர்சி 71 இலட்சம் பவுணுக்கு விலைபோனது. இதில் எனக்குப் பிடித்த செய்தி வேறொன்று. அந்த நீல ஜேர்சிகள், ஆட்டத்துக்குச் சற்று முன்னர் மெக்சிக்கோ நகரக் கடையொன்றில் அவசரமாக வாங்கி, சின்னத்தைத் தைத்து, இலக்கத்தை ஒட்டிக் கொடுக்கப்பட்டவை. அவசர வேலையில் ஒன்றைப்போல் மற்றொன்று அமையாது அல்லவா?

நீங்களும் இதையே சிறிய அளவில் செய்யலாம். இலக்கத்தின் ஓரம் தையலிலிருந்து எத்தனை விரற்கடை தள்ளியிருக்கிறது, பக்கவாட்டுக் கோடு கைத்தையலை எந்த இடத்தில் சந்திக்கிறது, எந்த எழுத்து சற்றே சரிந்திருக்கிறது என்று படத்தோடு வைத்துப் பாருங்கள். விற்பவர் திகதி சொல்லத் தயங்கினால் உங்கள் 85,000 ரூபா வங்கியிலேயே இருக்கட்டும். படம் பொருந்தி, கையொப்பம் மட்டும் இல்லாத ஜேர்சி ஒன்று கிடைத்தால் எனக்கும் அறிவியுங்கள்.

கேள்வி: என் மாமா 1990களில் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் கழக ஆட்டங்களில் ஆடிய மட்டை எங்கள் வீட்டில் இருக்கிறது. முகமெல்லாம் கறையாக உள்ளது. தேய்த்துச் சுத்தம் செய்து, ஆளிவிதை எண்ணெய் பூசி, புதிய கைப்பிடி உறை போட்டு வரவேற்பறையில் வைக்க நினைக்கிறேன். சரியா?
– உயர்தர மாணவர், கல்லடி

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்ததும் பாலத்தைக் கடந்து ஓடிவந்து அந்த மட்டையைப் பிடுங்கிக்கொள்ளலாமா என்றுதான் தோன்றியது. தேய்க்கும் தாளைத் தயவுசெய்து தொடாதீர்கள். நீங்கள் கறை என்று எழுதியிருப்பதுதான் மட்டையின் பெறுமதி முழுவதும்.

மட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சாய்த்துப் பிடியுங்கள். கடினப்பந்தின் தோற்சாயம் ஒட்டிய இடங்களில் மங்கிய சிவப்பு வட்டங்கள் தெரியும். சிலவற்றுக்குள் பந்தின் தையல் நூல் அழுந்திய சின்னஞ்சிறு பற்தடங்களும் தெரியும். அடிநுனியிலிருந்து ஒரு சாண் உயரத்தில் நடுவாக அவை நெருங்கிக் கிடந்தால் மாமா நன்றாக ஆடியவர். வெளி ஓரத்தில் கூடிக் கிடந்தால் பின்னால் ஸ்லிப்பில் பிடியெடுக்க நின்றவர்களுக்கு வேலை கொடுத்தவர். (இதை அவரிடம் சொல்ல வேண்டாம்.) மென்பந்து மட்டும் ஆடிய மட்டையில் இந்தச் சிவப்பைக் காண முடியாது. பந்து வருமுன் நிலத்தில் தட்டித் தட்டி நின்றதால் அடிநுனியின் ஒரு மூலை மண்ணேறி உருண்டிருக்கும். கைப்பிடி இறப்பரில் கீழ்க்கை பிடித்த இடம் மட்டும் வழவழப்பாகி வரிகள் அழிந்திருக்கும். போலி செய்பவர்கள் மட்டையைச் சீராக எல்லா இடத்திலும் பழசாக்குவார்கள். ஆடும் மனிதன் ஒருபோதும் சீராகத் தேய்ப்பதில்லை.

மட்டையின் ஓரத்தையும் அளந்து பாருங்கள். 1990களின் மட்டை என்றால் இன்றையவற்றைவிட மெலிந்திருக்கும். ஓரம் 40 மி.மீ., ஆழம் 67 மி.மீ. என்று 2017இல் விதி எல்லை போட்டது மட்டைகள் அளவுக்கு மீறித் தடித்துக்கொண்டு போனதால்தான். முகத்தில் மேலிருந்து கீழாக ஓடும் மரக்கோடுகள் மனிதரின் கைரேகை போன்றவை. ஒரு மட்டையின் கோடுகள் இன்னொன்றுக்கு அப்படியே அமைவதில்லை. மாமா அந்த மட்டையோடு நிற்கும் தெளிவான படம் ஒன்று கிடைத்தால், கோடுகளை எண்ணிப் பார்த்தே உறுதி செய்துவிடலாம்.

ஆளிவிதை எண்ணெய் நாளைக்கும் ஆடப்போகும் மட்டைக்குரியது. ஓய்வுபெற்ற மட்டைக்குப் பூசினால் மரம் கறுத்து, சிவப்பு வட்டங்கள் அதற்குள் மறைந்துபோகும். இறப்பர் உறை பிசுபிசுத்தாலும் கழற்றாதீர்கள்.

இனி நீங்கள் செய்யவேண்டியது ஒன்று இருக்கிறது. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடியிலும் நாவலடியிலும் வீடுகளோடு சேர்ந்து எத்தனையோ பேரின் அணிப்படங்களும் கிண்ணங்களும் கடலோடு போயின. நம் பக்கத்தில் ஆடப்பட்ட ஆட்டங்களுக்குத் தாளில் சாட்சி தேடுவது கடினம். உங்கள் மாமாவே சாட்சி. எந்த ஆண்டில் எங்கே வாங்கினார், எந்த ஆட்டங்களில் ஆடினார், அந்த நாளில் இந்த மட்டை எப்படித் தப்பியது என்று அவர் கையாலேயே எழுதி வாங்கி, திகதியிட்டு, மட்டையோடு வையுங்கள். அமெரிக்காவிலிருந்து வந்து நம் ஊர்ப் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த துறவி ஒருவரின் பெயரைத் தாங்கும் மைதானத்தில் ஆடிய மட்டை அது; வரவேற்பறைக்கு அது அழுக்காகவே வரட்டும்.

கேள்வி: என் கணவர் உள்ளூர்க் கழக வீரர்கள் ஆடிக் கழற்றிய ஜேர்சிகளைத் துவைக்காமல் பொலித்தீன் பைகளில் கட்டி அலுமாரியில் அடுக்குகிறார். மாரி தொடங்கினால் அறைக்குள் நிற்க முடியவில்லை. துவைத்தால் மதிப்புப் போய்விடும் என்கிறார். உண்மையா?
– வாசகி, அக்கரைப்பற்று

பதில்: சகோதரி, அவர் சொல்வதில் பாதி உண்மை, உங்கள் மூக்கு சொல்வதில் முக்கால் உண்மை. முழங்கையில் காய்ந்த சேறும், பாய்ந்து பந்து பிடித்தபோது ஏறிய புல்லின் பச்சையும் ஆட்டத்தின் தடயங்கள். அவற்றை நீக்கக்கூடாது என்பதில் நான் உங்கள் கணவர் பக்கம். வியர்வை அப்படியல்ல. அது துணியை மஞ்சளாக்கி நூலை நலிவாக்கும், பூச்சிகளையும் அழைத்துவரும். பெரிய அணிகளின் உடைகளே ஆட்டத்துக்கு ஆட்டம் துவைக்கப்படுகின்றன. துவைத்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு ஜேர்சியை நான் ஒதுக்கியதில்லை.

அவர் செய்யும் பெரிய பிழை அந்தப் பொலித்தீன் பை. வாடைக் காற்று வீசும் மாதங்களில் பைக்குள் அடைபட்ட ஈரம் பூஞ்சணமாகப் பூக்கும். அந்தக் கரும்புள்ளிகளை மைதானத்துக் கறை என்று யாரும் ஏற்கமாட்டார்கள். ஒவ்வொரு ஜேர்சியையும் முன்னும் பின்னும் படமெடுத்துவிட்டு, சேறு படிந்தவற்றைத் தனியே வைத்து நிழலில் நன்றாக உலர்த்துங்கள். மற்றவற்றைச் சவர்க்காரம் இல்லாமல் குளிர்ந்த நீரில் அலசி நிழலிலேயே காயவிடுங்கள். கையொப்பம் உள்ளவை தண்ணீரைக் காணக்கூடாது. பிறகு பழைய வேட்டித் துணியில் சுற்றி, புதுச் சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிறு வெள்ளைப் பொதிகள் இரண்டை உடன் வைத்து அடுக்கலாம். நப்தலின் உருண்டை துணியில் நேரே படவேண்டாம். ஆண்டுக்கு இருமுறை, கச்சான் வீசும் காலத்தில் ஒருமுறையேனும், வெளியே எடுத்துக் காற்றாட விடச் சொல்லுங்கள். அந்த வேலையை அவரே செய்யவேண்டும் என்பதும் என் தீர்ப்பு.

கேள்வி: ஆடிய பொருளில் வீரரின் கையொப்பத்தையும் வாங்கிவைப்பது நல்லதா?
– வாசகர், செங்கலடி

பதில்: விலை கூடும். எனக்கு விருப்பமில்லை. பந்து பட்ட தடத்தின்மேல் தடித்த கறுப்பு மையால் எழுதிவிட்டால் பார்ப்பவர் கண் எழுத்துக்கே போகிறது. கட்டாயம் வேண்டுமென்றால் மட்டையின் பின்புறத்தில், திகதியோடு வாங்குங்கள்.

கேள்வி: வென்றதும் வீரர்கள் ஸ்டம்பைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவார்களே, பெரிய ஆட்டங்களில் இப்போது ஏன் காண்பதில்லை?
– வாசகர், சம்மாந்துறை

பதில்: ஸ்டம்புக்குள்ளும் பெயிலுக்குள்ளும் விளக்கு வந்துவிட்டதுதான் காரணம். உள்ளே மின்னணுப் பாகங்கள் உள்ள அவற்றின் விலை மிக அதிகம். நினைவுக்கென்று கொடுத்துவிட முடியாது. வென்ற ஆட்டங்களின் ஸ்டம்புகளைச் சேர்ப்பதில் பெயர்பெற்ற டோனிக்கே அது இழப்புத்தான். மர ஸ்டம்ப் உங்கள் ஊர் ஆட்டத்தில் இன்னும் கிடைக்கும். ஆனால் அது கழகத்தின் சொத்து, கேட்டு வாங்குங்கள்.

கேள்வி: எங்கள் கழகம் வென்ற இறுதியாட்டத்தின் கடினப்பந்து என்னிடம் இருக்கிறது. தையல் ஒரு பக்கம் பிரிந்துள்ளது. வெளியூரில் யாரும் அறியாத ஆட்டம். இதையெல்லாம் சேகரிப்பு என்று சொல்லலாமா?
– வாசகர், ஏறாவூர்

பதில்: லண்டன் லோர்ட்ஸ் அருங்காட்சியகத்தில் ஒரு சிட்டுக்குருவி இருக்கிறது. 1936 ஜூலை 3 அன்று ஜஹாங்கீர் கான் வீசிய பந்தில் அடிபட்டு இறந்த குருவி. பாடம் செய்து பந்தின்மேல் இருத்தியிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் யார் வென்றார்கள் என்று பார்வையாளர் எவரும் கேட்பதில்லை. நாளும் பந்துவீசியவரும் தெரிந்திருப்பதால்தான் அது இன்றும் கண்ணாடிக்குள் இருக்கிறது. அமெரிக்கப் பெரும் பேஸ்போல் போட்டிகளில் 2001 முதல் இதற்கென ஒருவர் மைதானத்திலேயே அமர்ந்து கண்ணால் கண்ட பொருளுக்கு இலக்கமிட்ட மினுங்கும் ஸ்டிக்கரை ஒட்டுகிறார். நம் ஊரில் அப்படி யாரும் வந்து அமர்வதில்லை. அந்த வேலையை நீங்களே செய்யுங்கள். ஆட்டம் நடந்த நாள், மைதானம், இரு அணிகள், இறுதி ஓட்ட எண்ணிக்கை, பந்து உங்கள் கைக்கு வந்த விதம் ஆகியவற்றை ஓர் அட்டையில் எழுதி, நடுவரிடமும் எதிரணித் தலைவரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தோற்ற அணியின் கையெழுத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. பேனா மை நம் ஈரத்தில் ஊறும், பென்சிலால் எழுதுங்கள்.

அந்தத் தையல் இறுதியாட்டத்திலேயே பிரிந்ததா, அல்லது பிறகு வீட்டுப் பிள்ளைகள் முற்றத்தில் ஆடியதில் பிரிந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. பிந்தியது என்றால் அதையும் அட்டையில் எழுதிவிடுங்கள்.