வேலையை விடாம திரைக்கதை எழுதலாமா? மதுரைப் பக்கத்துக் கேள்விகளுக்குப் பதில்

சென்னை சாலிகிராமத்துல, சினிமாவுல 11 வருஷம் உதவி இயக்குநரா, அப்புறம் இணை இயக்குநரா இருந்தேன். இப்ப மதுரை செல்லூர்ல இருந்துகிட்டே எழுதுறேன். கையில காசில்லாம எழுத வர்றவங்க கேட்ட கேள்விகளும் என் பதில்களும் இவை.

கேள்வி (திருமங்கலம், செல்போன் கடை ஊழியர்): அண்ணே, மாசம் 12,000 சம்பளம். வேலையை விட்டுட்டு சென்னைக்குப் போனாத்தான் சினிமாவுல எழுத முடியும்னு சொல்றாங்க. போகவா?

இப்ப வேணாம் தம்பி. நான் அப்படித்தான் போனேன். முதல்ல சேர்ந்த கம்பெனியில ஏழு மாசம் டிஸ்கஷன், அதாவது உட்கார்ந்து கதை பேசுறது. சாப்பாடும் டீயும் வந்துரும், ரூம் வாடகை வராது. தினப்படி கிடைக்கிறதெல்லாம் ஷூட்டிங் ஆரம்பிச்ச பிறகுதான். அந்தப் படம் ஆரம்பிக்கவே இல்லை. ஏழு மாசமும் அம்மா சீட்டுப் பணத்தை எடுத்து அனுப்பினாங்க. அந்த நாட்கள்ல அடுத்தவர் கதைக்கு சீன் யோசிச்சேனே தவிர, என் கதையில ஒரு பக்கம்கூட எழுதலை. அதுதான் இன்னைக்கும் எனக்கு வருத்தம்.

கணக்குப் பாருங்க. ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிஷப் படம். தமிழ் எழுத்து இடம் பிடிக்கும், கொஞ்சம் முன்னப்பின்ன இருக்கும். ரெண்டேகால் மணி நேரப் படத்துக்கு 135 பக்கம். கடை பத்து மணிக்குத் திறக்குதுன்னா ஆறரைக்கு உட்கார்ந்து தினம் ஒரு பக்கம் எழுதுங்க. அஞ்சு மாசத்துல முதல் பிரதி கையில இருக்கும். சம்பளமும் வந்துகிட்டே இருக்கும்.

கேள்வி (உசிலம்பட்டி): லேப்டாப் இல்லை. எதுல எழுத?

நாற்பது பக்க நோட்டு நாலு போதும். காட்சி எண், உள்ளேயா வெளியேயா, பகலா இரவா, எந்த இடம்னு தலைப்புல போட்டுட்டு எழுதிக்கிட்டே போங்க. போன் இருந்தா கூகுள் டாக்ஸ்ல தமிழ்ல பேசினாலே டைப் ஆகும், பிழையை மட்டும் திருத்திக்கலாம். விலை கொடுத்து சாஃப்ட்வேர் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டுல உட்கார இடமில்லேன்னா மதுரை வரும்போது புதுநத்தம் ரோட்டுல, 2023 ஜூலையில திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போங்க. நாள் முழுக்க உட்கார்ந்தாலும் காசு கேட்க மாட்டாங்க.

கேள்வி (மேலூர், இல்லத்தரசி, வயது 36): அண்ணா, ரெண்டு பிள்ளைங்க. வெளியூர் போனதில்லை, சினிமாக்காரங்க யாரையும் தெரியாது. என்கிட்ட எழுத என்ன இருக்கு?

தங்கச்சி, டிஸ்கஷன் ரூம்ல நாங்க அஞ்சாறு ஆம்பளைங்க உட்கார்ந்து ஒரு வீட்டைக் கற்பனை பண்ணுவோம். அந்த வீட்டுல அரிசி தீர்ந்தா யார் முதல்ல கவனிப்பாங்கன்னு எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். குழுக்கடன்ல ஒருத்தி தவணை கட்டலைன்னா, மத்த பெண்களெல்லாம் அவ வீட்டுத் திண்ணையில போய் உட்காருவாங்கல்ல? உள்ளே பிள்ளை தூங்குது. வந்தவங்கள்ல ஒருத்தி அவளுக்குச் சொந்த நாத்தனார். இந்தக் காட்சியை எழுதுங்க. ஒரே ஒரு நிபந்தனை, யாரும் "காசு", "கடன்"ங்கிற வார்த்தையைச் சொல்லக் கூடாது. தண்ணி கேட்கட்டும், பிள்ளைக்குக் காய்ச்சலான்னு கேட்கட்டும். பார்க்கிறவனுக்கு விஷயம் புரிஞ்சுதுன்னா உங்களுக்குத் திரைக்கதை கைவந்துருச்சு. சோறு வேகிற நேரத்துல அரைப் பக்கம் எழுதினாலும் கணக்குல சேரும். எழுதுற இடத்துல வயசை யாரும் கேட்கிறதில்லை.

கேள்வி (அலங்காநல்லூர்): கதையைச் சொன்னா திருடிருவாங்களே சார்?

பயம் நியாயமானதுதான். ஆனா "ஒரு ஜல்லிக்கட்டு வீரன் காதலிக்கிறான்"ங்கிற கருவுக்குச் சட்டத்துல பாதுகாப்பு கிடையாது. அதை நீங்க காட்சியா, வசனமா எழுதின விதத்துக்குத்தான் உண்டு. உச்ச நீதிமன்றம் 1978லயே, நாடக ஆசிரியர் ஆர்.ஜி.ஆனந்த் போட்ட வழக்குல இதைத் தெளிவாச் சொல்லியிருக்கு. அதனாலதான் முழுசா எழுதாம கதை சொல்லப் போகாதீங்கன்னு சொல்றேன். 1957 பதிப்புரிமைச் சட்டப்படி எழுதின உடனேயே உரிமை உங்களுது. பதிவு கட்டாயமில்லை, ஆனா வழக்குன்னு வந்தா சாட்சியா நிக்கும். ஆன்லைன்லயே விண்ணப்பிக்கலாம், ஒரு படைப்புக்கு 500 ரூபாய். யாராவது ஆட்சேபம் சொல்லுவாங்களான்னு 30 நாள் காத்திருப்பு இருக்கு. சென்னையில திரைப்பட எழுத்தாளர் சங்கத்துலயும் உறுப்பினராகிப் பதியலாம். கதை சொல்லிட்டு வந்த அன்னைக்கே, "இன்று சொன்ன கதையின் சுருக்கம்"னு கதை கேட்டவங்களுக்கு ஒரு மெயில் போட்டுருங்க. தேதியோட ஆதாரம், செலவே இல்லை.

கையெழுத்து போடுறப்போ இன்னொண்ணையும் ஞாபகம் வைங்க. 2012ல சட்டத்தைத் திருத்தினாங்க. தியேட்டர்ல ஓடுறது போக, டிவி மாதிரி மத்த வழிகள்ல வர்ற ராயல்டியில எழுத்தாளரோட பங்கை அவரே நினைச்சாலும் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுக்க முடியாது.

கேள்வி (மாட்டுத்தாவணி பக்கம்): 40,000 கட்டினா பெரிய ஹீரோகிட்ட கதை சொல்ல வைக்கிறேன்னு ஒருத்தர் சொல்றார்.

கட்டாதீங்க. கதை பிடிச்சா அட்வான்ஸ் தயாரிப்பாளர்தான் உங்களுக்குத் தரணும்.

கேள்வி (வாடிப்பட்டி): இன்ஸ்டிட்யூட்ல படிச்சே ஆகணுமா?

படிச்சா நல்லது, படிக்கலைன்னாலும் வழி அடைஞ்சிராது. பிளஸ் டூ முடிச்ச பிள்ளைன்னா தரமணி அரசுத் திரைப்படக் கல்லூரிக்கு முயற்சி பண்ணுங்க. நாலு வருஷப் படிப்பு, அரசுக் கட்டணம். அப்பா நிலத்தை அடகு வச்சு தனியார்ல லட்சக்கணக்குல கட்டுறதை நான் ஒத்துக்கவே மாட்டேன்.

கேள்வி (அனுப்பானடி): எழுத்துலயே கொஞ்சம் சம்பாதிக்க வழி இருக்கா அண்ணே?

இருக்கு. மதுரையிலயே ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரம், யூடியூப் சேனல், குறும்படம்னு எழுத ஆள் தேடுறாங்க. பாதிப் பணத்தை முன்னாடியே வாங்கிக்குங்க. சீரியல் வசனம்னா எபிசோடுக்கு இவ்வளவுன்னு பேசுவாங்க, காசு வரும். ஆனா தினமும் எழுதித் தள்ளணும். உங்க ஸ்கிரிப்ட் பாதியில இருக்கும்போது அதுல இறங்காதீங்க.

கேள்வி (திருமங்கலம் தம்பியே மறுபடியும்): சரிண்ணே, முழுசா எழுதி முடிச்சிட்டேன்னு வைங்க. அப்ப எப்படிப் போறது?

பைண்டிங் பண்ணின ஸ்கிரிப்ட் ரெண்டு பிரதி, ஒரு பக்கச் சுருக்கம் பத்து பிரதி எடுத்துக்குங்க. அதுக்கு முன்னால பேப்பரைப் பார்க்காம ரெண்டு மணி நேரம் கதை சொல்லிப் பழகணும். கடை நண்பர்கள் மூணு பேருக்கு மூணு தடவை சொல்லுங்க. எந்த இடத்துல போனை எடுக்குறாங்களோ அந்த இடத்தைத் திருத்துங்க. இயக்குநர், தயாரிப்பாளர்னு நாலு பேர்கிட்ட போன்ல நேரம் வாங்கிட்டு நாலு நாள் லீவு போடுங்க. ராத்திரி பாண்டியன் எக்ஸ்பிரஸ்ல ஏறினா விடியக்காலை எழும்பூர், அங்கிருந்து வடபழனிக்கு நேர் மெட்ரோ. அம்மா உணவகத்துல இட்லி ஒரு ரூபாய். அஞ்சாவது நாள் கடையில நிக்கணும், டிக்கெட்டைப் போக வர சேர்த்தே போட்டுருங்க.