மரபணு, சொந்தத்துல கல்யாணம், டிஎன்ஏ டெஸ்ட்: கேளுங்க, தெரிஞ்சதை சொல்றேன்

எல்லாருக்கும் வணக்கம். மரபணு பரிசோதனை லேப்ல ரொம்ப வருஷமா இருக்கேன். நான் டாக்டர் இல்ல, மருந்து மாத்திரை கேக்காதீங்க. வயித்துல இருக்கறது ஆணா பொண்ணான்னு தெரிஞ்சுக்க வழி கேட்டா பதில் வராது, அது 1994 சட்டப்படி குற்றம். மத்தபடி கேளுங்க.

மழைத்துளி: பையன் பத்தாவது படிக்கிறான். டிஎன்ஏ, ஜீன், குரோமோசோம் மூணும் ஒண்ணான்னு கேக்கறான், எனக்கு சொல்லத் தெரியல.

டிஎன்ஏ அப்படிங்கறது பொருள், நீளமான நூல் மாதிரி ஒரு மூலக்கூறு. அந்த நூலை சுருட்டி மடிச்சு வச்ச கட்டுதான் குரோமோசோம், நம்ம செல்லுல 46, அம்மாகிட்டேர்ந்து 23 அப்பாகிட்டேர்ந்து 23. அந்த நூல்ல ஒரு குறிப்பிட்ட புரதம் செய்யறதுக்கான பகுதிதான் ஜீன், அது மாதிரி சுமார் 20,000 இருக்கு. இதுல பையனுக்கு முக்கியமா சொல்ல வேண்டியது, ஒவ்வொரு ஜீனும் ரெண்டு ரெண்டா இருக்கும் (ஆம்பளைங்களோட எக்ஸ், ஒய் குரோமோசோம் மட்டும் விதிவிலக்கு). பல நோய்ல ஒண்ணு பழுதானாலும் இன்னொண்ணு சமாளிச்சுடும், ஆள் நல்லா ஆரோக்கியமா இருப்பார், ஆனா பழுதான ஜீனை பிள்ளைக்கு கொடுக்க முடியும். இவரைத்தான் கேரியர்னு சொல்றோம். மெண்டல்ங்கற விஞ்ஞானி 1866ல பட்டாணிச் செடிய வச்சு எழுதினதோட சாரம் இதுதான். இந்த ஒண்ணு புரிஞ்சா கீழ நான் சொல்லப்போற எல்லாமே புரியும்.

ஆனைமலை: எனக்கும் பாத்திருக்கற பொண்ணுக்கும் ஒரே பிளட் குரூப், ஓ பாசிட்டிவ். கட்டலாமா?

தாராளமா கட்டலாம். ஒரே குரூப்பா இருந்தா பிள்ளைக்கு குறை வரும்ங்கறது முழுக்க தப்பு. பாக்க வேண்டியது பொண்ணு நெகட்டிவ், பையன் பாசிட்டிவ்வா இருந்தாதான், அதுக்கும் ஆன்டி டி ஊசி இருக்கு (அம்மா உடம்பு குழந்தையோட ரத்தத்தை எதிர்க்காம தடுக்கறது), 28 வாரத்துல ஒண்ணு, குழந்தை பாசிட்டிவ்வா பொறந்தா 72 மணி நேரத்துக்குள்ள ஒண்ணு. ஜாதகத்தோட பிளட் குரூப்பையும் ஒட்டி அனுப்பற வீட்டுக்காரங்க அதுக்கு பதிலா தலசீமியா (பரம்பரையா வர்ற ஒரு ரத்த நோய்) ரிப்போர்ட் அனுப்பினா எவ்வளவோ நல்லது.

தென்றல் அக்கா: அத்தை பையனுக்கு என்னை பேசறாங்க. அவங்க வீட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. பயப்படணுமா?

நிதானமா சொல்றேன், கொஞ்சம் நீளமா வரும். உங்களுக்கும் அத்தை பையனுக்கும் ஒரே தாத்தா பாட்டி, அதனால உங்க ஜீன்ல சராசரியா எட்டுல ஒரு பங்கு ஒண்ணேதான். ஏதோ ஒரு நோய்க்கு ஊர்ல நூத்துல ஒருத்தர் கேரியர்னு வைங்க. சம்பந்தமே இல்லாத ரெண்டு பேர் கட்டினா ரெண்டு பேருமே கேரியரா இருக்க வாய்ப்பு பத்தாயிரத்துல ஒண்ணு, அதுலயும் பிள்ளைக்கு நோய் வர வாய்ப்பு நாலுல ஒண்ணு, ஆக மொத்தம் 40,000ல ஒண்ணு. அதே அத்தை பையன்னா, நீங்க கேரியரா இருக்க நூத்துல ஒண்ணு, அவரும் அதே ஜீனை வச்சிருக்க எட்டுல ஒண்ணு, பிள்ளைக்கு நாலுல ஒண்ணு, 3,200ல ஒண்ணு ஆயிடுது. பன்னெண்டு மடங்குக்கு மேல. நோய் எவ்வளவு அபூர்வமோ மடங்கு அவ்வளவு ஏறும்.

ஆனா இதோட இன்னொரு பாதியையும் சொல்லணும். எந்த தம்பதிக்கும் பெரிய பிறவிக் குறையோட குழந்தை பொறக்க நூத்துல ரெண்டு மூணு வாய்ப்பு இருக்கு. அத்தை, மாமன் பிள்ளைகள் கட்டினா அதோட இன்னும் ரெண்டு மூணு சேரும். நூத்துல தொண்ணூத்தஞ்சு பேருக்கு ஒண்ணும் ஆகாது. அதனால பயம் வேணாம், சோதனை வேணும். ரெண்டு பேரும் ஹெச்பிஎல்சி ரத்தப் பரிசோதனை பண்ணுங்க, அது தலசீமியா, சிக்கிள் செல் (இதுவும் பரம்பரை ரத்த நோய்தான்) ரெண்டுக்கும். பெரிய செலவு இல்ல. இரும்புச்சத்து குறைவா இருந்தா ரிசல்ட் நார்மல் மாதிரி ஏமாத்தலாம், அதனால அதையும் சேத்து பாத்துடுங்க. ஆனா ஹெச்பிஎல்சி நல்லா வந்துட்டா எல்லாமே நல்லதுன்னு அர்த்தம் இல்ல. குடும்பத்துல சின்ன வயசுல செத்த குழந்தை, காது கேக்காத குழந்தை, வளர்ச்சி இல்லாத குழந்தை யாராவது இருந்தாங்களான்னு பாட்டிகிட்ட உக்காந்து கேளுங்க. இருந்தா கல்யாணத்துக்கு முன்னாடியே ஜெனடிக் கவுன்சிலரை, அதாவது பரம்பரை நோய் பத்தி ஆலோசனை சொல்றவரைப் பாருங்க. கல்யாணத்துக்கு முன்னாடி. இதை இன்னும் பல தடவை சொல்வேன்.

செவ்வந்தி: மூணும் பொண்ணு. மாமியார் என்னைத்தான் பேசறாங்க.

அம்மாவோட முட்டைல எப்பவுமே எக்ஸ்தான். எக்ஸா ஒய்யான்னு முடிவு பண்றது அப்பாவோட விந்தணு, எக்ஸ் வந்தா பொண்ணு, ஒய் வந்தா பையன். இந்த பதிலை அப்படியே அவங்களுக்கு படிச்சு காட்டுங்க.

ராஜ்_திருச்சி: எனக்கு பி பாசிட்டிவ், அவங்களுக்கும் பி பாசிட்டிவ், குழந்தைக்கு பிரச்சனை வருமா?

வராது. மேல ஆனைமலைக்கு சொன்ன பதில்.

கொங்கு தம்பி: எங்க தாத்தா அக்கா பொண்ணைத்தான் கட்டினார், ஏழு பிள்ளை, எல்லாம் திடமா இருக்கு. ஆயிரம் வருஷமா நம்ம முன்னோர் முட்டாளா? அவங்க கோத்திரம் பாத்துதான் கட்டினாங்க, அதுவே அறிவியல்தான்.

முன்னோரை நான் முட்டாள்னு சொல்லல தம்பி. ஆனா கோத்திரம், கூட்டம், பங்காளி முறை எல்லாம் அப்பா வழியை மட்டும்தான் பாக்குது. மாமன் பொண்ணு வேற கோத்திரம், ஜீன்ல எட்டுல ஒரு பங்கு ஒண்ணு. சித்தப்பா பொண்ணு ஒரே கோத்திரம், அங்கயும் அதே எட்டுல ஒரு பங்குதான். தாய்மாமன், அக்கா பொண்ணுன்னா நாலுல ஒரு பங்கு. அப்புறம் அந்தக் காலத்துல பத்து பெத்து நாலைஞ்சு சின்ன வயசுலயே போச்சு, எது காய்ச்சல்ல போச்சு எது பிறவி நோய்ல போச்சுன்னு யாரும் பிரிச்சுப் பாக்கல. இருக்கற ஏழு பேரை மட்டும் எண்ணி கணக்கு போட முடியாது.

வேதா: அதான் சொல்றேன், சொந்தத்துல கட்டறதை சட்டம் போட்டு தடை பண்ணணும்!

இதையும் நான் ஒத்துக்க மாட்டேன். நம்ம மாநிலத்துல நாலுல ஒரு கல்யாணத்துக்கு மேல சொந்தத்துலதான் நடக்குது, அதுல பெரும்பாலான பிள்ளைங்க நல்லாத்தான் இருக்காங்க. தடை போட்டா மறைப்பாங்க, மறைச்சா சோதனைக்கு வர மாட்டாங்க. சைப்ரஸ்ல தலசீமியா ரொம்ப அதிகம், அங்க கல்யாணத்துக்கு முன்னாடி பரிசோதனை பண்ணி சான்றிதழ் வாங்கணும்னு வச்சாங்க. ரிசல்ட் எதுவா இருந்தாலும் கட்டிக்கலாம், தெரிஞ்சுக்கிட்டு கட்டணும், அவ்வளவுதான். தலசீமியாவோட பொறக்கற குழந்தைங்க எண்ணிக்கை அங்க கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு வந்துச்சு. எனக்கு இங்க வேண்டியதும் அதுதான்.

அமுதன்: நாங்க சொந்தத்துல கட்டறதே இல்ல, ஜாதிக்குள்ள மட்டும்தான். அப்ப எங்களுக்கு இந்தப் பேச்சு தேவையில்ல.

உங்களுக்குத்தான் ரொம்ப தேவை. 2017ல தெற்காசியாவுல 263 சமூகங்களோட டிஎன்ஏவை வச்சு ஒரு ஆய்வு வந்துச்சு, அதுல 81 சமூகங்கள் ஒரு சின்ன முன்னோர் கூட்டத்துலேர்ந்து வந்து உள்ளுக்குள்ளயே கட்டிக்கிட்டு வந்திருக்காங்க, அந்த இறுக்கம் இதுக்குப் பேர்போன பின்லாந்துக்காரங்களை விட, அஷ்கெனாசி யூதர்களை (ஐரோப்பாவுல வாழ்ந்த ஒரு யூதப் பிரிவு) விட அதிகம். இதுல பத்து லட்சத்துக்கு மேல ஆள் இருக்கற பெரிய சமூகங்களே 14. நேர்ல பாத்தே இருக்காத ரெண்டு குடும்பம் கூட பல தலைமுறைக்கு முன்னாடி ஒரே ஆள்கிட்டேர்ந்து ஒரே பழுதான ஜீனை வாங்கியிருக்கலாம். ஆரிய வைசியர்கள்ல ஒரு என்சைம் குறைபாடு அதிகம். ஆபரேஷன்ல சதையத் தளர்த்த சக்சினைல்கோலின்னு ஒரு மருந்து போடுவாங்க, மத்தவங்களுக்கு சில நிமிஷத்துல தெளியும், இந்தக் குறைபாடு இருக்கறவங்களுக்கு மணிக்கணக்குல மூச்சு திரும்பாது, மெஷின்லதான் வச்சிருக்கணும். குடும்பத்துல யாருக்காவது அப்படி ஆகியிருந்தா மயக்க மருந்து டாக்டர்கிட்ட கட்டாயம் சொல்லுங்க.

கொங்கு தம்பி: அப்ப எல்லாரும் ஜாதி மாறி கட்டணும்ங்கறீங்க?

யாரை கட்டணும்னு நான் சொல்லல, அது உங்க மனசு, உங்க வாழ்க்கை. தூரத்து ரத்தம் கலந்தா ஒரே பழுது ரெண்டு பக்கமும் சேர வாய்ப்பு குறையும்ங்கறது கணக்கு, அதை மாத்தி சொல்ல என்னால முடியாது. இந்த விவாதத்துல இதுக்கு மேல வேணாம், கேள்வி நிறைய நிக்குது.

நிலா: எனக்கு ஏபி, கணவருக்கு ஓ, குழந்தைக்கு ஓ வந்திருக்கு. வீட்ல பெரிய சண்டை.

ஏபி அம்மாவுக்கு சாதாரணமா ஓ குழந்தை பொறக்காது, அதனாலதான் சண்டை. அதை நிறுத்திட்டு மூணு பேருக்கும் குரூப்பை திரும்ப பாருங்க, வேற லேப்ல. முதல்ல சந்தேகப்பட வேண்டியது ரிப்போர்ட்டைத்தான். அப்பவும் அப்படியே வந்தா பம்பாய் குரூப்ங்கற அபூர்வமான ரத்த வகை இருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. 1952ல பம்பாய்ல கண்டுபிடிச்சாங்க, சாதாரண சோதனைல ஓ மாதிரியே காட்டும். பிளட் குரூப்பை வச்சு யாரோட நடத்தையையும் முடிவு பண்ணக் கூடாது.

கதிர்: எச்சில் துப்பி அனுப்பினா என் பூர்வீகம் சொல்றாங்களே, வாங்கலாமா?

பொழுதுபோக்குக்குன்னா சரி. நோய் தெரிஞ்சுக்க அதை நம்பாதீங்க.

சூர்யா_87: ஒரே பிளட் குரூப்ல கட்டினா...

மேல ரெண்டு தடவை எழுதியிருக்கேன். படிச்சுட்டு வாங்க.

விக்கி: கிரிஸ்பர் வந்துடுச்சே, இனி தலசீமியாவை மாத்திடலாமே?

கிரிஸ்பர்ங்கறது ஜீனை வெட்டித் திருத்தற முறை. தலசீமியாவுக்கு அந்த சிகிச்சைக்கு 2023 கடைசில பிரிட்டன்லயும் 2024 ஜனவரில அமெரிக்காவுலயும் அனுமதி வந்தது உண்மை, பெரிய சாதனை. ஆனா அமெரிக்காவுல வச்ச விலை 22 லட்சம் டாலர். அதை நம்பி ஒரு ரத்தப் பரிசோதனைய தள்ளிப் போடாதீங்க.

பெயர் வேண்டாம்: பத்து வாரம் ஆகுது. இன்னிக்குதான் ரிப்போர்ட் வந்துச்சு, எனக்கும் அவருக்கும் தலசீமியா மைனர். சொந்தம் கூட இல்ல.

அம்மா, மத்தவங்க கேள்விய நிறுத்திட்டு உங்களுக்கு எழுதறேன். உங்க ரெண்டு பேருக்கும் உடம்புல ஒரு நோயும் இல்ல, கேரியர் மட்டும்தான். குழந்தைக்கு தலசீமியா மேஜர், அதாவது அந்த நோயே, வர வாய்ப்பு நாலுல ஒண்ணு, வராம இருக்க வாய்ப்பு நாலுல மூணு. நீங்க நேரத்தோட வந்திருக்கீங்க. 11 வாரத்துலேர்ந்து 14 வாரத்துக்குள்ள நஞ்சுக்கொடிலேர்ந்து துளி எடுத்து டிஎன்ஏ பாக்கலாம், சிவிஎஸ்னு சொல்வாங்க. அதுக்கு முன்னாடி உங்க ரெண்டு பேர் ரத்தத்தை வச்சு ஜீன்ல எந்த மாற்றம்னு லேப்ல கண்டுபிடிக்கணும், அதுக்கே சில நாள் ஆகும். அதனால நாளைக்கு காலைலயே ஃபீட்டல் மெடிசின் (வயித்துல இருக்கற குழந்தைக்கான மருத்துவம்) இருக்கற ஆஸ்பத்திரிக்கு ரெண்டு பேரும் சேந்து போங்க, ரெண்டு ஹெச்பிஎல்சி ரிப்போர்ட்டோட ஒரிஜினலும் கைல இருக்கணும். எந்த ஊர்னு மட்டும் தனிச் செய்தில சொல்லுங்க, பக்கத்துல எங்க இருக்குன்னு நான் பாத்து சொல்றேன்.